மலையிலிருந்து இறங்கி வந்த விருந்தாளி

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்து வைகறை. சுபுஹு தொழுகையை முடித்துக்கொண்டு, என் மகள் வயிற்றுப் பேரனின் கையைப் பிடித்தவாறு வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலுள்ள காலி மனையில் நாய்களின் குரைப்பு பெரிதாகக் கேட்டது. அருகில் சென்று பார்த்தபோது, முள்வேலி ஓரமாக ஒரு புள்ளிமான் விழுந்து கிடந்தது. இன்னும் முழு வளர்ச்சி பெறாத பெண் மான். பின்னங்காலில் கடிபட்ட காயம். விலா எலும்புகள் தெரிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நாய்களை விரட்டினோம். அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஒருவர் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். இன்னொருவர் நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். இளைஞர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தாகத்தால்தான் அது இப்படித் தவிக்கிறது என்று எண்ணி, வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, அதன் வாயைத் திறந்து ஊற்றினேன். உள்ளத்தில் ஒரு நிறைவு. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்த அந்த மனிதரின் வரலாறு நம்மில் யாருக்குத்தான் நினைவில் இல்லை?

மான் இருமியது, உடல் முழுவதும் துடித்தது. வனத்துறையினர் வந்து எடுத்துச் சென்றார்கள். நண்பகலுக்குள் அது இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று மாலை, பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, நாய்க்கடியால் சாகிற மான்களைவிட, பயத்தால் சாகிற மான்கள் அதிகம். படுத்த நிலையில் இருக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றினால், அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போய்விடும்" என்றார். பக்கத்தில் நின்ற என் பேரன், "நன்னா, நாம தண்ணிதானே கொடுத்தோம்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி இன்றும் என் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரக்கம் இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் கேள்வியின் பொருட்டே இம்மாதக் கட்டுரை.

பயம் கொல்லுமா?

கொல்லும். மான் போன்ற இரையாகும் விலங்குகள் துரத்தப்படும்போது, தம் உடலின் வலிமை முழுவதையும் சில நிமிடங்களில் செலவழித்துவிடுகின்றன. தசைகளில் அமிலம் சேர்கிறது. தசைநார்கள் சிதையத் தொடங்குகின்றன. அந்தச் சிதைவிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகின்றன. நாய்கள் போன பிறகும் அந்த அபாயம் நீங்குவதில்லை. மனிதக் கூட்டமும், தடவும் கைகளும், கூச்சலும் அதற்கு மறுபடியும் ஒரு துரத்தலே. நாம் அன்போடு தடவுகிறோம் என்பது மானுக்கு எப்படித் தெரியும்? தன்னைப் பிடித்துவிட்ட வேட்டை விலங்கு என்றுதான் அது நம்மை எண்ணுகிறது. வெளிக்காயம் சிறிதாக இருந்தும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அது இறந்துபோவதன் காரணம் இதுதான்.

ஊரின் நடுவே ஒரு தீவு

அந்த மான் ஏன் எங்கள் தெருவுக்கு வந்தது என்பதையும் சிந்திக்க வேண்டும்.

திருவண்ணாமலையின் மலை 814 மீட்டர் உயரமுடையது. அதைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர். மலையும் அதன் அடிவாரக் காடும் வனத்துறையின் பொறுப்பிலுள்ளன. ஒரு காலத்தில் பெரும்பாலும் மொட்டைப் பாறையாகக் கிடந்த சரிவுகளில், தன்னார்வத் தொண்டர்கள் பல்லாண்டுகளாக மரக்கன்றுகளை நட்டும், தீத்தடுப்புப் பாதைகளை வெட்டியும் பசுமையை மீட்டு வருகிறார்கள். 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையின் பணி இதில் குறிப்பிடத்தக்கது. காடு திரும்பியது, மான்களுக்கு அங்கே வாழ்வும் கிடைத்தது.

ஆனால் மலையைச் சுற்றி என்ன இருக்கிறது? சாலை, வீடுகள், கடைகள், விடுதிகள், வாகனங்கள். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த எங்கள் வேங்கிக்காலும் வயல்களை இழந்து நகரமாக மாறியது. கடலின் நடுவே தீவு இருப்பதைப் போல, நகரத்தின் நடுவே அந்தக் காடு இருக்கிறது. கோடையில் மலையின் சுனைகள் வற்றும்போது மான் எங்கே போகும்? தண்ணீரைத் தேடிக் கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் வாகனமும் நாய்க்கூட்டமும் காத்திருக்கின்றன.

தீவில் வாழும் உயிர்களுக்கு ஓடி ஒளிய வேறிடம் இல்லை. உலகத்தின் உண்மையான தீவுகள் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன. ஜப்பானின் தென்கோடியில், மிதவெப்ப மண்டலத்தில், ரியூக்கியூ தீவுகள் என்றொரு தீவு வரிசை உண்டு. அவற்றுள் ஒன்றான அமாமி ஒஷிமாவில் கருமை படர்ந்த உரோமமுடைய அரிய முயல் ஒன்று வாழ்கிறது. அத்தீவையும் அண்டைத் தீவான தொக்குனோஷிமாவையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 1979-இல், நச்சுப்பாம்புகளை ஒழிக்கலாம் என்ற நல்ல எண்ணத்துடன் ஏறத்தாழ முப்பது கீரிகளை அமாமியில் கொண்டுவந்து விட்டார்கள். பாம்போ இரவில் உலவுவது; கீரியோ பகலில் திரிவது. இரண்டும் சந்திப்பதே அரிதாயிற்று. கீரிகள் முயல்களையும் அரிய பறவைகளையும் தின்று பல்லாயிரமாகப் பெருகின. அந்தப் பிழையைத் திருத்த அவர்கள் பல்லாண்டுகள் பொறிகளும் பயிற்சி பெற்ற நாய்களும் கொண்டு உழைக்க வேண்டியிருந்தது. கீரிகள் முற்றிலும் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் வெளியாயிற்று.

அதே தீவு வரிசையிலுள்ள இரியோமொட்டேயில் ஒரு காட்டுப்பூனை இனம் இருக்கிறது. ஏறத்தாழ நூறு பூனைகளே எஞ்சியுள்ளன. அவை வாகனங்களில் அடிபடுவதைக் கண்ட அரசு, சாலைக்கு அடியில் அவை கடந்து செல்லச் சிறு சுரங்க வழிகளை அமைத்தது. அடிபட்ட பூனைக்கு மருத்துவம் செய்வதோடு நில்லாமல், அடிபடாதிருக்கவும் வழி செய்தார்கள். 2021-இல் இத்தீவுகளின் காடுகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

மீட்பு வேறு, புகலிடம் வேறு. ஒன்று விபத்துக்குப் பின் வருவது; மற்றொன்று விபத்துக்கு முன் இருக்க வேண்டியது.

புகலிடம் நமக்குப் புதிதன்று

'சரணாலயம்' என்ற சொல்லைக் கேட்டதும், இது மேல்நாட்டார் கண்டுபிடித்த ஏற்பாடு என்று சிலர் எண்ணுகிறார்கள். அருமை வாசகர்களே, நம் மார்க்கத்தின் தொடக்க காலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்தார்கள். அங்கே வேட்டையாடக் கூடாது. மரங்களை வெட்டக் கூடாது. அந்த அறிவிப்பை அறிவிக்கும் அபூஹுரைரா (ரலி) அவர்கள், மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றைத் தாம் வெருட்டப்போவதில்லை என்று கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கவனியுங்கள்: கொல்லமாட்டேன் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, வெருட்டவும் மாட்டேன் என்றார்கள். பயமே மானைக் கொல்லும் என்று அந்த மருத்துவர் எனக்கு விளக்கியபோது என் நினைவுக்கு வந்தது இந்த அறிவிப்புதான்.

மேய்ச்சலுக்காகப் பாதுகாக்கப்பட்ட நிலத்திற்கு 'ஹிமா' என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், செல்வர்களின் பெரு மந்தைகளை விடாதிருக்குமாறும் அவருக்குக் கட்டளையிட்டார்கள். காரணமும் சொன்னார்கள். செல்வருடைய கால்நடை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாசலுக்குத்தான் வரவேண்டும்.

இன்று மலையடிவாரத்தில் விறகு பொறுக்கும் தாய்மாரையும் நான்கு ஆடு வைத்திருக்கும் முதியவரையும் விரட்டிவிட்டுக் காட்டைக் காப்பதாகச் சொல்லும்போதெல்லாம், அந்தக் கட்டளையை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. விலங்கின் மீது இரக்கம், ஏழையின் மீது கடுமை என்று அது பிரிந்து போகக் கூடாது.

தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளைச் சுற்றுப்புற உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் முறையிட்டதன் பேரில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார்.

நம் கடலோரச் சகோதரர்களின் செய்தி இன்னும் நெகிழ வைப்பது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அப்பகுதிக் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு, முன்பு இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டிய உயிர். வலையில் சிக்கினால் விரைவில் மூச்சுத் திணறி இறந்துவிடும். இன்று பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் பலர், தம் வலையை அறுத்தும் அதை உயிரோடு கடலில் விட்டிருக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிச் சிறப்பித்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அறுந்த வலையின் விலை அந்த மீனவரின் ஒரு மாத உணவாக இருக்கலாம். அவர் செய்ததை விடவா நாம் பெரிதாகச் செய்துவிட்டோம்?

நம் வாசலில் தொடங்கும் கடமை

எங்கள் ஊரில் காயம்பட்ட நாய், பூனை, மாடுகளுக்கென்று செங்கம் சாலையில் ஒரு காப்பகம் உருவாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய லெஸ்லி ராபின்சன் என்ற பெண்மணி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அருணாசலா விலங்குக் காப்பகம் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அங்கே செய்யப்பட்டன. நாய்க்குக் கருத்தடை செய்வதற்கும் மானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாய்க்கூட்டம் பெருகாதிருந்தால் மானைத் துரத்தும் கூட்டமும் பெருகாது. நாயைக் கல்லால் அடிப்பவர் மானைக் காப்பவர் ஆகமாட்டார். கருத்தடைக்கு உதவுகிறவர் இரண்டையும் காக்கிறார்.

நாயின் எச்சில் பட்டால் கழுவ வேண்டும் என்பது தூய்மைச் சட்டம். அது நாயைத் துன்புறுத்துவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று கற்பித்த அதே மார்க்கம்தான் அந்தத் தூய்மைச் சட்டத்தையும் கற்பித்தது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். யாரும் வருந்த வேண்டாம். பக்ரீத் நாளில் நாம் குர்பானி கொடுக்கிறோம். குடலையும் கழிவையும் என்ன செய்கிறோம்? பலர் முறையாகப் புதைக்கிறார்கள். சிலர் மூட்டை கட்டிக் காலி மனையிலும் ஏரிக்கரையிலும் எறிந்துவிடுகிறார்கள். திருமண மண்டபங்களின் எச்சில் இலையும், பௌர்ணமிக் கூட்டத்தில் வீசப்படும் உணவுப் பொட்டலங்களும் அப்படியே. யார் எறிந்தாலும் விளைவு ஒன்றுதான். உணவு கொட்டிக் கிடக்கும் இடத்தில் நாய்கள் திரள்கின்றன. உணவு தீர்ந்த மறுநாள் அந்தத் திரள் வேட்டைக்குக் கிளம்புகிறது. இறைவனுக்காக நாம் செய்த ஒரு வணக்கத்தின் எச்சம், அவன் படைப்பில் இன்னொன்றுக்கு எமனாகலாமா?

எங்கள் தெருவில் அந்த மான் விழுந்து கிடந்த காலி மனையில், அதற்கு முந்தைய வாரம் நடந்த விருந்தின் கழிவு கிடந்தது. அந்த விருந்தில் நானும் உண்டேன்.

செய்ய வேண்டுவன

நான் அறியாமையால் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருக்க, சில குறிப்புகளைச் சொல்கிறேன். இதை வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் நல்லது.

மான் வழிதவறி வந்தால் நாய்களையும் மனிதர்களையும் தொலைவில் நிறுத்துங்கள். ஓடும் மானைத் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். அது தானே திரும்பிச் செல்ல ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். விழுந்து கிடந்தால், காற்றோட்டமுள்ள மெல்லிய துணியால் கண்ணை மட்டும் மூடுங்கள். இருட்டில் அதன் அச்சம் தணியும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் வட்டார வனச்சரக அலுவலகத்தின் எண்ணை இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். விபத்து நேர்ந்த பிறகு தேடாதீர்கள். ஆடு, மாடு போன்ற வீட்டு விலங்குகளுக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால், வீட்டுக்குள் கொண்டுவந்து பால் புகட்டாதீர்கள். இயன்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனித வாடை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. ஒரு பயணத்தில் தோழர் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு இன்றைய பறவை மருத்துவர்கள் சொல்வதும் அதையே.

கிளியைக் கூண்டில் வளர்ப்பதும், அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமையைத் தொட்டியில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் வாங்கித் தராதீர்கள். மாறாக, மொட்டை மாடியில் ஓர் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். சட்டியில் ஒரு கல்லைப் போட்டு வைத்தால் சிறு பறவைகள் மூழ்காமல் நின்று குடிக்கும்.

என் பேரன் அந்த மானை மறக்கவில்லை. மறு கோடையில், கேட்காமலேயே ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். "நன்னா, இதுல நாம ஊத்த வேணாம். வச்சிட்டு வந்துடுவோம். அதுங்களே குடிக்கட்டும்" என்றான். ஒரு சொம்புத் தண்ணீரில் நான் செய்த தவற்றை, ஒரு சட்டித் தண்ணீரில் அவன் திருத்திக்கொண்டான்.

அன்றைய அவன் கேள்விக்கு இப்போதுதான் என்னிடம் விடை இருக்கிறது. ஆம் கண்ணே, நாம் தண்ணீர்தான் கொடுத்தோம். ஆனால் அதற்குத் தேவைப்பட்டது தண்ணீர் அன்று, அமைதி. எதைத் தருவது என்று அறிந்து தருவதும் இரக்கத்தில் ஒரு பாதி.

இந்தக் கோடையில் மலையிலிருந்து இறங்கி வரும் விருந்தாளியை நம் தெரு எப்படி வரவேற்கப் போகிறது? உங்கள் மஹல்லாவில், உங்கள் வீட்டுத் திண்ணையில் இதைப் பேசுங்கள். குர்பானிக் கழிவைப் புதைக்க ஒரு குழியை முன்கூட்டியே வெட்டி வைக்க நான்கு இளைஞர்கள் முன்வந்தாலும், இந்தக் கட்டுரையின் நோக்கம் நிறைவேறிவிடும்.

வல்ல இறைவன் நம் இரக்கத்திற்கு அறிவையும், நம் அறிவுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.